ரசிகர் காசில் எழுந்த மைதானம்

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு ஃபோன் வந்தபோது, விடுதி நினைவுகளைத்தான் எழுதலாம் என்று நினைத்தேன். மெஸ் சாம்பார், ராத்திரி ரெண்டு மணி டீக்கடை, அரியர் எழுதின கதை. ஆனால் அதையெல்லாம் என்னைவிட ருசியாக எழுதக்கூடிய அண்ணன்மார்கள் நம் சங்கத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் இங்கே ஒரு மனிதரின் கதையைச் சொல்லப் போகிறேன். அவர் இறந்து நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம்ம நாட்டுக்காரர் இல்லை. இஞ்சினியரும் இல்லை. சட்டம் படித்தவர், கால்பந்து ஆடியவர். பெயர் சாந்தியாகோ பெர்னபேயு.

கால்பந்து பார்க்கிற தம்பிமார்களுக்கு இந்தப் பெயர் ஒரு மைதானத்தின் பெயராகத்தான் தெரியும். ரியல் மாட்ரிட் ஆடுகிற மைதானம். அது ஒரு ஆளின் பெயர், அந்த ஆள் அந்த மைதானத்தை ரசிகர்களிடம் பணம் வாங்கிக் கட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் வெகுநாள் தெரியாது.

இவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. நம் கல்லூரி மைதானத்தின் மேற்குப் பக்கம் நாலே நாலு படியோடு நின்று போன ஒரு கேலரி இருக்கிறதே, அது ஏன் அப்படி நின்றது என்று இப்போது படிக்கிற பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அந்த வசூல் கமிட்டியில் நானும் இருந்தேன். ரசீது புத்தகம் என் கையில்தான் இருந்தது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

வேலி அடித்த பையன்

ஸ்பெயின் நாட்டில் அல்பசேத்தே மாகாணத்தில் அல்மான்சா என்று ஒரு ஊர். அங்கே 1895 ஜூன் 8 அன்று பெர்னபேயு பிறந்தார். சின்ன வயசிலேயே குடும்பம் தலைநகர் மாட்ரிட்டுக்கு வந்துவிட்டது. 1909-ல், பதினாலு வயசில், மாட்ரிட் கிளப்பின் இளையோர் அணியில் சேர்ந்தார். கிளப் அப்போது பெரிய கிளப் ஒன்றும் கிடையாது. ஆரம்பித்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. சொந்தமாக நல்ல மைதானம்கூட இல்லை.

1912-ல் ஓ'டோனல் என்ற தெருப் பக்கம் ஒரு இடத்தை எடுத்து மைதானமாக்கினார்கள். டிக்கெட் வாங்கினவர்தான் உள்ளே வர முடியும் என்றால் சுற்றி வேலி வேண்டும் இல்லையா? அந்த மைதானத்தைத் தயார் செய்கிற வேலையில் சாந்தியாகோவும் அண்ணன் தம்பியுமாக இறங்கினார்கள். அவருடைய சகோதரர் மார்செலோவும் கிளப்பில் இருந்தவர்தான். ஆடுகிற பையன்களே கையில் சுத்தியல் எடுத்துப் பலகை அடித்தார்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அவர் ரசிகர்களிடம் பணம் கேட்டபோது, அவரை வெறும் வசூல்காரராக யாரும் பார்க்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முன்கள ஆட்டக்காரராகப் பல வருஷம் ஆடினார். கேப்டனாகவும் இருந்தார். 1924-ல் கிளப் சமார்த்தின் என்ற இடத்தில் பதினைந்தாயிரம் பேர் கொள்ளக்கூடிய ஒரு மைதானத்தைத் திறந்தது. 1927-ல் பெர்னபேயு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் கிளப்பை விட்டுப் போகவில்லை. நிர்வாகி, உதவிப் பயிற்சியாளர், பயிற்சியாளர் என்று 1935 வரை ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே இருந்தார்.

யுத்தமும் அதற்குப் பிறகும்

1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. இங்கே ஒரு விஷயத்தை மூடி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெர்னபேயு அந்தப் போரில் ஜெனரல் ஃபிராங்கோவின் பக்கம் நின்று போரிட்டவர். ஃபிராங்கோ ஜெயித்து, 1975-ல் சாகும் வரை சர்வாதிகாரியாக ஆண்டார். பெர்னபேயுவின் பெரிய சாதனைகள் பெரும்பாலும் அந்த ஆட்சிக் காலத்தில் நடந்தவை. அதனால் அவரை ஒரு மகானாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் செய்த ஒரு வேலையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

1939-ல் போர் முடிந்தபோது கிளப் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. மைதானம் சிதைந்து கிடந்தது. மரப்பலகை எல்லாம் விறகுக்குப் போயிருந்தது. உறுப்பினர்களில் சிலர் இறந்து போயிருந்தார்கள், சிலர் நாட்டை விட்டே போயிருந்தார்கள். பெர்னபேயு என்ன செய்தார் என்றால், மாதக்கணக்கில் அலைந்து பழைய ஆட்டக்காரர்கள், பழைய நிர்வாகிகள், பழைய உறுப்பினர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். ஆள் சேர்ந்த பிறகுதான் கிளப் மறுபடி எழுந்தது. அப்போது அவர் யாரிடமும் மைதானத்துக்கு என்று பணம் கேட்கவில்லை. முதலில் ஆளைத் தேடினார். பணத்துக்கு வந்தது அதற்கு அஞ்சு வருஷம் கழித்துத்தான்.

அவர் தலைவரானதும் ஒரு சச்சரவின் முடிவில்தான். 1943 ஜூனில் கோப்பை அரையிறுதியில் மாட்ரிட் அணி பார்சிலோனாவை 11-1 என்று தோற்கடித்தது. முதல் ஆட்டத்தில் 3-0 என்று ஜெயித்திருந்த அணி அது! பார்சிலோனா ஆட்டக்காரர்கள் மிரட்டப்பட்டார்கள் என்ற புகார் இன்று வரைக்கும் பேசப்படுகிறது. இரண்டு ஆட்டத்திலும் ஏற்பட்ட ரகளையால் இரண்டு கிளப் தலைவர்களும் பதவி விலக வேண்டியதாயிற்று. காலியான அந்த நாற்காலியில் 1943 செப்டம்பரில் பெர்னபேயு வந்து உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயசு நாற்பத்தெட்டு.

பஞ்ச காலத்தில் ஒரு பெரிய ஆசை

அவர் தலைவரானபோது ஸ்பெயின் இருந்த நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1940-களை அந்நாட்டு மக்கள் பசி வருஷங்கள் என்றே சொல்வார்கள். ரொட்டிக்கு ரேஷன். அந்த ரேஷன் 1952 வரை நீடித்தது. வெளியே உலக யுத்தம். அது முடிந்த பிறகும் ஃபிராங்கோவின் ஆட்சியை மற்ற நாடுகள் ஒதுக்கி வைத்தன. கட்டுமானச் சாமான் கிடைப்பதும் லேசில் இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில், பழைய சமார்த்தின் மைதானத்தை ஒட்டியே எழுபத்தைந்தாயிரம் பேர் பார்க்கிற மாதிரி ஒரு மைதானம் கட்டுவோம் என்று கிளம்பினார் மனுஷன். அணியோ பெரிய அணி இல்லை. கடைசியாக லீக் பட்டம் வாங்கினது 1933-ல். இத்தனை சின்ன அணிக்கு இத்தனை பெரிய மைதானம் எதற்கு என்று கேலி பேசினவர்கள் உண்டு. நம்ம ஆட்களாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்போம்.

அவருடைய கணக்கு வேறே. கிளப்புக்கு வருமானம் டிக்கெட்டில்தான். பதினைந்தாயிரம், இருபதாயிரம் பேர் கொள்ளும் மைதானத்தில் எவ்வளவு நல்ல ஆட்டம் நடந்தாலும் அவ்வளவு பேர் காசுதான் வரும். நல்ல ஆட்டக்காரரை வாங்க அது பத்தாது. நல்ல ஆட்டக்காரர் இல்லாமல் கூட்டம் வராது. இந்தச் சுழலை எங்கேயாவது ஒரு இடத்தில் உடைக்க வேண்டும். அவர் மைதானத்தில் உடைத்தார். முதலில் இடம் பெரிதாகட்டும், சாதாரண ஜனங்களும் குறைந்த காசில் வந்து நின்று பார்க்கட்டும், அந்தச் சில்லறை சேர்ந்து பெரிய ஆட்டக்காரரைக் கொண்டு வரட்டும் என்பது அவர் யோசனை. அதனால்தான் புதிய மைதானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நின்று பார்க்கும் இடமாக இருந்தது.

1944 ஜூன் 22 அன்று நிலம் வாங்கினார்கள். வங்கிக் கடன் உதவியது. பாங்கோ மெர்கன்டில் இ இண்டஸ்ட்ரியல் என்ற வங்கியும், அதில் இருந்த ரஃபேல் சல்காடோ என்பவரும் துணை நின்றார்கள். ஆனால் நிலத்துக்கு அப்புறம் கட்டடம் இருக்கிறதே, அதற்குப் பணம்? அதற்குத்தான் பெர்னபேயு ரசிகர்களிடம் போனார்.

தானம் கேட்கவில்லை, கடன் கேட்டார்

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அவர் உண்டியல் குலுக்கவில்லை. கிளப் பத்திரங்கள் வெளியிட்டது. உறுப்பினர்களும் ரசிகர்களும் அந்தப் பத்திரங்களை வாங்கினார்கள்.

பத்திரம் என்றால் என்ன? இன்றைய மாணவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு ரசிகர் பணம் கொடுக்கிறார். கிளப் ஒரு காகிதம் கொடுக்கிறது. அதில் இன்ன தொகை, இன்னார் கொடுத்தார், குறித்த காலத்தில் வட்டியோடு திருப்பித் தரப்படும் என்று அச்சடித்திருக்கும். கொடுத்தவர் கிளப்புக்குக் கடன் கொடுத்தவர் ஆகிறார். கிளப்பின் தலைவர் அவரிடம் கடன்பட்டவர் ஆகிறார்.

எங்கள் பேராவூரணிப் பக்கத்துக்காரர்களுக்கு இது உடனே விளங்கும். மொய் விருந்து! கொடுக்கிறவர் பெயரும் தொகையும் நோட்டில் ஏறும். நாளைக்கு அவர் விருந்து வைக்கும்போது இவர் திருப்பிச் செய்ய வேண்டும். அந்த நோட்டு இருப்பதனால்தான், சாதாரண விவசாயிகூட ஆயிரக்கணக்கில் தூக்கிக் கொடுக்கிறார். அதே ஆளிடம் போய் நன்கொடை என்று ஒரு ரசீதை நீட்டிப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு மேல் வராது. ஆள் அதேதான், கையும் அதேதான். கேட்கிற முறை மாறிவிட்டது.

பஞ்ச காலத்து மாட்ரிட்டில் பத்திரங்கள் விற்றுப் போனதற்கு எனக்கு மூன்று காரணம் தோன்றுகிறது.

முதலாவது, கிளப் ஏற்கெனவே அவர்களுடையது. ரியல் மாட்ரிட் ஒரு முதலாளியின் கம்பெனி கிடையாது. உறுப்பினர்கள் சந்தா கட்டி, ஓட்டுப் போட்டு நடத்துகிற சங்கம். 1990-ல் ஸ்பெயின் அரசு ஒரு விளையாட்டுச் சட்டம் கொண்டு வந்து பெரும்பாலான கிளப்களைக் கம்பெனிகளாக மாற்றச் சொன்னபோதுகூட, ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் பில்பாவோ, ஒசசூனா என்ற நாலு கிளப்கள் மட்டும் பழையபடி உறுப்பினர் சங்கமாகவே நீடித்தன. சொந்த வீட்டுக்குக் கூரை போடச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியதில்லை அல்லவா?

இரண்டாவது, கேட்டவர் யார் என்பது. முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கிளப்பிலேயே கிடந்தவர். அவர் ஆடினதை இவர்கள் பார்த்திருக்கிறார்கள். போருக்குப் பிறகு வீடு தேடி வந்து கூப்பிட்டவர் அவர்தான் என்பதும் தெரியும்.

மூன்றாவது, பணம் போன இடம் கண்ணுக்குத் தெரிந்தது. 1944 அக்டோபர் 27 அன்று வேலை தொடங்கியது. மனுவேல் முனியோஸ் மொனஸ்தேரியோ, லூயிஸ் அலெமனி சொலேர் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் வரைந்த வடிவம். பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே கட்டடம் எழும்பியதால், ஆட்டம் பார்க்க வந்த ரசிகர் திரும்பிப் பார்த்தால் போதும், தன் காசு எத்தனை அடி உயர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 1946-ல் பழைய மைதானத்தை மூடிவிட்டு, எதிரியான அத்லெடிகோ அணியின் மைதானத்தில் போய்க் குடியிருந்து ஆடினார்கள். அதையும் ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

கோல் அடித்த அகதி

1947 டிசம்பர் 14 அன்று புதிய மைதானம் திறந்தது. போர்ச்சுகலிலிருந்து பெலனென்சஸ் அணி வந்து ஆடியது. 3-1 என்று மாட்ரிட் ஜெயித்தது. அங்கே முதல் கோல் அடித்தவர் சபீனோ பரினாகா. இவர் கதையும் சொல்ல வேண்டியது. 1937-ல் பாஸ்க் பகுதியிலிருந்து ஃபிராங்கோவின் படைக்குப் பயந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இவர். சவுத்தாம்டன் ஊரில் இளையோர் அணியில் ஆடிப் பழகி, நாடு திரும்பியவர். ஃபிராங்கோ படையில் போரிட்டவர் கட்டின மைதானத்தில், அந்தப் படைக்குத் தப்பி ஓடின பிள்ளை முதல் கோல் அடிக்கிறான். படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மைதானம் திறந்த கையோடு அணி வெற்றிமேல் வெற்றி குவித்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 1947-48 சீசனில் லீக்கில் பதினாலு அணிகளில் பதினோராவது இடம்! இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பினதே பெரிய காரியம். கேலி பேசினவர்களுக்கு நல்ல தீனி கிடைத்திருக்கும். நம்மில் ஒருவர் தலைவராக இருந்திருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்போம். ஆனால் ரசிகர்கள் விட்டுப் போகவில்லை. பத்திரம் கையில் இருக்கிறவன் எப்படிப் போவான்?

அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 1953-ல் அர்ஜென்டினாக்காரரான ஆல்ஃபிரடோ டி ஸ்டெஃபானோ வந்தார். அவருக்குப் பார்சிலோனாவும் போட்டி போட்டது. இரண்டு கிளப்பும் மாற்றி மாற்றி ஒரு சீசன் வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு விசித்திரத் தீர்ப்பு வந்து, கடைசியில் பார்சிலோனா விலகிக்கொண்டது. இதில் ஆட்சியாளர்களின் கை இருந்தது என்று பார்சிலோனாக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 1954-ல் இருபத்தோரு வருஷத்துக்குப் பிறகு மாட்ரிட்டுக்கு லீக் பட்டம் கிடைத்தது. ரைமுண்டோ சபோர்த்தா என்ற வங்கிக்காரர் பொருளாளராக வந்து கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். பெரிய கனவு காண்கிற தலைவர் பக்கத்தில் ஒரு கறாரான கணக்குப்பிள்ளை இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஜோடி நல்ல உதாரணம்.

1955 ஜனவரி 4 அன்று கூடிய கிளப்பின் பொதுக்குழு, மைதானத்துக்குப் பெர்னபேயுவின் பெயரை வைத்தது. அதே வருஷம் மைதானம் ஒண்ணேகால் லட்சம் பேர் கொள்ளும்படி பெரிதாக்கப்பட்டது. ஐரோப்பியக் கோப்பைப் போட்டியும் அந்த வருஷம்தான் ஆரம்பம். ஒரு பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகை கிளப்பிய யோசனை அது. அதை முதலிலேயே ஆதரித்து நின்றவர்களில் பெர்னபேயுவும் ஒருவர். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து அஞ்சு தடவை அந்தக் கோப்பையை மாட்ரிட்டே எடுத்துக்கொண்டது. அதில் 1957 இறுதி ஆட்டம் இந்த மைதானத்திலேயே நடந்தது. பத்து வருஷத்துக்கு முன்னே இவ்வளவு பெரிசு எதற்கு என்று கேட்ட மைதானத்தில் 1,24,000 பேர். ஃபியோரென்டினாவை 2-0 என்று ஜெயித்தார்கள்.

வாங்கினதைத் திருப்பினார்

பெர்னபேயு அங்கேயும் நிற்கவில்லை. 1963-ல் நகரத்தின் வடக்கே விளையாட்டு நகரம் ஒன்றைத் திறந்தார். அணிக்குப் பயிற்சி இடம் என்பதோடு, உறுப்பினர்களும் அவர்கள் குடும்பமும் வந்து நீந்த நீச்சல்குளம், டென்னிஸ் ஆட இடம் என்று ஏற்பாடு. பையனோடு மைதானத்துக்கு வருகிற ரசிகர், ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களோடு குளத்துக்கும் வரலாம். கடனை வட்டியோடு கொடுத்தால் கணக்கு தீரும். இது அதற்கு மேலே.

அவருடைய சொந்த வாழ்க்கை எளிமையானது. மரியா வலென்சியானோ என்பவரை மணந்தார். கடற்கரையில் சாந்தா போலா என்ற மீனவர் ஊரில் ஒரு வீடு. ஓய்வு கிடைத்தால் அங்கே போய் மீன் பிடிப்பார். கண்டிப்பானவர், முரடர் என்றும் பெயர் உண்டு. டி ஸ்டெஃபானோ போன்ற ஆட்டக்காரரையே 1964-ல் வெளியே அனுப்பிவிட்டார். அந்த வருத்தம் இரண்டு பேருக்கும் இடையே கடைசி வரைக்கும் ஆறவில்லை. வயதான பிறகும் தலைமையை விட்டுக்கொடுக்காமல் முப்பத்தைந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவரே தலைவராக இருந்தது சரிதானா என்றும் கேட்கலாம். அவர் காலத்தில் கிளப் வாங்கியது 16 லீக் பட்டம், 6 ஐரோப்பியக் கோப்பை.

1978 ஜூன் 2 அன்று இறந்தார். அர்ஜென்டினாவில் உலகக் கோப்பை அதற்கு முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது. அவருக்காக மூன்று நாள் துக்கம் அனுசரிக்கப்பட்டது. நாலு வருஷம் கழித்து, 1982-ல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டமே அவர் பெயர் தாங்கிய மைதானத்தில் நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பத்திரம் தோற்ற இடம்

பத்திரம் அச்சடித்தால் பணம் கொட்டும் என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. இங்கிலாந்தில் இதே யோசனை தலைகீழாகப் போன கதையும் உண்டு. 1989-ல் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் இடத்தை எடுத்துவிட்டு எல்லாருக்கும் இருக்கை போட வேண்டும் என்று விதி வந்தது. அதற்குப் பணம் திரட்ட லண்டனின் வெஸ்ட் ஹாம் கிளப் 1991-ல் ரசிகர்களுக்குப் பத்திரம் விற்றது. விலை 500 பவுண்டிலிருந்து ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு வரை. அதை வாங்கினால் என்ன கிடைக்கும்? சீசன் டிக்கெட் வாங்கும் உரிமை. டிக்கெட்டுக்குத் தனியாகக் காசு!

தொழிலாளிகள் நிறைந்த கிழக்கு லண்டன் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அப்பா, தாத்தா காலத்திலிருந்து நின்று பார்த்த இடத்தில் நிற்பதற்கு இப்போது தலைக்கு வரியா என்று மைதானத்திலேயே இறங்கிப் போராடினார்கள். பத்திரம் மிகக் குறைவாகவே விற்றது. அந்த சீசன் முடிவில் அணியும் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது.

இரண்டும் பத்திரம்தான். மாட்ரிட் ரசிகருக்கு இதுவரை இல்லாத ஒன்று கிடைக்கப் போகிறது என்று சொல்லிக் கேட்டார்கள். லண்டன் ரசிகரிடம், ஏற்கெனவே இருந்ததை இழக்காமல் இருக்கப் பணம் கட்டு என்று கேட்டார்கள். மாட்ரிட்டில் அவரை வீட்டுக்காரராக நடத்தினார்கள். லண்டனில் அவருக்குத் தான் வாடிக்கையாளன் என்ற எண்ணம் வந்துவிட்டது.

நம்ம நாலு படி

இப்போது நம்ம மேற்குக் கேலரி. பல வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சந்திப்பு நாளில் உற்சாகமாக முடிவெடுத்தோம். நான் கட்டுமானத் துறையில் இருப்பதால் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டு படி, மேலே கூரை. ரசீது புத்தகம் அடித்தோம். முதல் மாதம் நல்ல வசூல். அந்தக் காசில் அஸ்திவாரமும் நாலு படியும் வந்தன. அப்புறம் வரவு நின்றது. ஃபோன் போட்டால் பார்க்கலாம் தம்பி என்றார்கள். சிலர் ஃபோனையே எடுக்கவில்லை.

ரொம்ப நாள் நான் அவர்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல வேலையில் இருக்கிறார்கள், ஆனால் கல்லூரிக்கு என்றால் கை நீளவில்லை என்று. பெர்னபேயுவைப் படித்த பிறகு என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. பணம் கொடுத்த ஒருவருக்குக்கூட நாங்கள் கணக்கு அனுப்பவில்லை. நாலு படி வந்ததையே பலருக்குச் சொல்லவில்லை. ஒரு போட்டோகூட அனுப்பவில்லை. ஒரு பைசா வீணாகவில்லை. ஆனால் அது எனக்குத்தானே தெரியும்? கொடுத்தவருக்கு எப்படித் தெரியும்? வருஷத்தில் ஒரு நாள், அதுவும் பணம் கேட்க மட்டும் ஃபோன் செய்கிற ஒரு பையன் நான். அவர்கள் எடுக்காததில் என்ன ஆச்சரியம்?

அதனால் இந்தச் சந்திப்பில் சில வேலைகளைச் செய்ய உத்தேசித்திருக்கிறேன். அந்தப் பழைய வசூலின் வரவு செலவை, கம்பி சிமெண்டு பில் உட்பட, அன்றைக்கு மேற்குக் கேலரிப் படியிலேயே ஒட்டி வைக்கிறேன். கொடுத்தவர்கள் பெயர் ஒன்று விடாமல் இருக்கும். தொகை எழுத மாட்டேன். ஐம்பது ரூபாய் கொடுத்த விடுதிப் பையனும், ஐம்பதாயிரம் கொடுத்த அண்ணனும் ஒரே வரிசையில் இருப்பார்கள். பழைய நோட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் நானே ஃபோன் செய்து, பணம் கேட்காமல், கணக்கை மட்டும் சொல்லப் போகிறேன். அதை முடிக்கும் வரை புது ரசீது புத்தகத்தைத் தொடுவதில்லை.

அதற்கு மேல் எட்டுப் படி கட்டுவதா வேண்டாமா, கடனாக வாங்குவதா நன்கொடையாக வாங்குவதா என்பதைப் பொதுக்குழுவில் எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்யலாம். வேண்டாம் என்று சொன்னாலும் வருத்தமில்லை. கேட்பதற்கான யோக்கியதையை முதலில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் யாரும் பணம் கேட்கப் போவதில்லை. சந்திப்புக்கு முந்தின நாள் சனிக்கிழமை காலையில் அந்த நாலு படியைச் சுற்றி முளைத்திருக்கிற கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்ய நாங்கள் சில பேர் வருகிறோம். கத்தியும் மண்வெட்டியும் நாங்களே கொண்டு வருகிறோம். முடிந்தவர்கள் வாருங்கள். வேலை முடிந்ததும் டீயும் வடையும் என் செலவு.